கட் சொல்லும்வரை

கல்லலில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கோட்டைச்சாமிக்கு நாற்பத்தெட்டு வயதில் நடிப்பு ஆசை வந்தது. வந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. சின்ன வயதிலிருந்து உள்ளுக்குள் கிடந்ததை, மகளைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் வெளியே எடுத்தார். காரைக்குடியில் சனி, ஞாயிறு நடக்கும் நடிப்புப் பயிற்சியில் நான் சேர்ந்த அதே வாரம் அவரும் சேர்ந்தார். நான் தபால் ஆபீஸ் கிளார்க். முத்திரை குத்திக் குத்தி அலுத்துப்போய் வந்தவன். கூடப் படிக்க வந்த பிள்ளைகள் எங்கள் இருவரையும் யாருக்கோ அப்பா என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போட்டார்கள்.

பயிற்சி கொடுத்த யோகலட்சுமிக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஆனால் கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. கோட்டைச்சாமியிடம் அவர் முதல் நாளே கண்டுபிடித்த குறை, கை. சும்மா நில்லுங்கள் என்றால் விரல்கள் தாமாகக் கம்பி சுற்றும். கண் படபடவென்று அடித்துக்கொள்ளும். "அண்ணே, அழுகுறது சிரிக்கிறதெல்லாம் அப்புறம். மொதல்ல சும்மா இருக்கப் பழகுங்க. நான் கட் சொல்ற வரைக்கும் இடியே விழுந்தாலும் அசையக் கூடாது" என்றார்.

நாங்கள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய் டீ குடித்தோம். மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மத்தியானத்தில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தரையில் படுத்துக்கொள்வார். போனில் நேரம் ஓடும். ஆறு மாதம் இப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படுத்துக் கிடந்தபோது, கட்டெறும்பு ஒன்று அவர் இமைமேல் ஏறி இறங்கிப் போனது. மனிதர் அசையவில்லை. எல்லோரும் கைதட்டினோம். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் படப்பிடிப்பு நடப்பது புதிதில்லை. பந்தியில் சாப்பிட, தேர் பார்க்க, கும்பலாக நிற்க ஊர்க்காரர்களைக் கூப்பிடுவார்கள். இந்தப் படத்தில் மட்டும் விஷயம் வேறு. கதையே ஒரு பெரியவரின் பிணத்தைச் சுற்றி நடக்கிறது. பிற்பாதியில் அதே பெரியவர் உயிரோடு வந்து பேசும் பன்னிரண்டு காட்சிகள் இருக்கின்றன. டைரக்டருக்குக் கோட்டைச்சாமியின் முகம் பிடித்துப்போனது. ஆனால் ஒரு நிபந்தனை. கேமரா வாசலில் கிளம்பி, முகப்பைக் கடந்து, முற்றத்தில் அழும் ஜனங்களுக்குள் நுழைந்து, பிணத்தின் முகத்தில் வந்து நிற்கும். நாலு நிமிடம், வெட்டே கிடையாது. அது தேறினால் பேசும் காட்சிகளும் அவருக்கு. தேறாவிட்டால் சென்னையிலிருந்து வந்து ஓட்டலில் தயாராகத் தங்கியிருக்கும் நடிகருக்கு.

இதில் இன்னொரு சிக்கல். நாட்டரசன்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட அவர் மகள் காளீஸ்வரிக்கு ஏழாம் மாதம். அடுத்த புதன்கிழமை வளைகாப்பு. இந்த நேரத்தில் அப்பன் மாலை போட்டுப் பாடையில் படுக்கிறான் என்றால் வீடு இரண்டாகிவிடும். அதனால் ஊர்த்தலைவர் வேஷம் என்று வீட்டில் அளந்துவிட்டிருந்தார். "சார், வாயத் தொறந்துறாதீக. வளைகாப்பு முடியட்டும், நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்று என் கையைப் பிடித்தார். பெரிய தியாகி மாதிரி நானும் தலையாட்டினேன்.

படப்பிடிப்பன்று காலையில் அந்தத் தெரு முழுக்கக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டினார்கள். நடுவில் கோட்டைச்சாமியின் போட்டோ. கீழே கதையில் வரும் பெயர், மறைந்த தேதி, இறுதி ஊர்வலம் புறப்படும் வீட்டு முகவரி, நேரம் எல்லாம் கச்சிதமாக இருந்தன. பஸ் நிறுத்தத்துச் சுவரையும் விட்டுவைக்கவில்லை. அவரோடு, அழும் கும்பலில் நடிக்க வந்த எங்கள் போன்களையும் எல்லாம் அணைத்து ஒரு பைக்குள் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

முதல் டேக்கில் மூன்றாவது நிமிடம் ஊதுபத்திப் புகை பட்டு இமை துடித்தது. இரண்டாவதில் எச்சில் விழுங்கிவிட்டார். தொண்டை ஏறி இறங்கியது மானிட்டரில் பளிச்சென்று தெரிந்ததாம். டைரக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. பக்கத்தில் வந்து, "ஐயா, வெளிச்சம் போயிட்டிருக்கு. இதுதான் கடைசி. நிக்கலைன்னா நாளைக்கு வேற ஆளு, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். கோட்டைச்சாமியால் பதில் சொல்ல முடியவில்லை. பிணத்துக்குக் கட்டுவதுபோல் தாடையைச் சேர்த்து நாடிக்கட்டுக் கட்டியிருந்தது. கண்ணை மட்டும் மூடித் திறந்தார்.

அதற்கு ஒரு மணி நேரம் முன்பே விபரீதம் நடந்து முடிந்திருந்தது. எங்களுக்குத்தான் தெரியாது. காளீஸ்வரியின் கொழுந்தன் கதிரவன் அந்தத் தெரு வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறான். சுவரொட்டியைப் பார்த்துப் பதறிப்போய், ஓடும் பஸ்ஸிலிருந்தே போட்டோ எடுத்தான். முகமும் முகவரியும் விழுந்தன. பெயர் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் போய்விட்டது. அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். காளீஸ்வரி அப்பாவுக்குப் போன் அடித்தால் அணைந்திருக்கிறது. அம்மா சோலையம்மாள் போனை வீட்டில் வைத்துவிட்டுக் களையெடுக்கப் போயிருந்தாள். புருஷன் செல்வம் வாடகைக் கார் பிடித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் முகவரி தேடி வந்தாள்.

மூன்றாவது டேக் ஆரம்பித்தது. வாசலும் ஷாட்டில் இருந்ததால் அங்கே காவலுக்கு ஆள் இல்லை. பறை அடித்துக்கொண்டிருந்தது. செத்தவருக்கு மைத்துனனாகத் தலைமாட்டில் துண்டைப் பொத்திக்கொண்டு நான் நின்றிருந்தேன். கேமரா முற்றத்துக்குள் வந்து முகத்தை நெருங்கியது. மூன்று நிமிடம் தாண்டியிருக்கும்.

"அப்பா" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

சாவு வீட்டுக்கு மகள் வந்தால் வழிவிட வேண்டும் என்று எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கம்பெனி ஏற்பாடு செய்த நடிகை என்றே அவர்கள் நினைத்தார்கள். இரண்டாக விலகி, கையை நீட்டி அவளை உள்ளே வாங்கிக்கொண்டு, ஒப்பாரியை இன்னும் உரக்க எடுத்தார்கள். அவளைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், டேக் போய்விடும். டேக் போனால் அவருடைய எல்லாமும் போய்விடும். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே நான் நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் அதுதான்.

காளீஸ்வரி அவர் நெஞ்சில் விழுந்தாள். இரண்டு கன்னத்தையும் பிடித்து உலுக்கினாள். "எந்திரிங்கப்பா. வளையல் போட வாரேன்னு சொன்னீகளே, எந்திரிங்க" என்றாள். டைரக்டர், நிறுத்தாதே என்று கேமராக்காரருக்குக் கை காட்டினார். நான் கோட்டைச்சாமியின் கையைத்தான் பார்த்தேன். கட்டிவைத்த விரல்களில் ஒன்றுகூட அசையவில்லை. இருபத்திரண்டு வினாடி என்று பிறகு மானிட்டரில் பார்த்துச் சொன்னார்கள்.

கட் என்றதும் அவர் எழுந்து நாடிக்கட்டைப் பிய்த்தெறிந்து, "ஒண்ணுமில்லத்தா, சினிமாத்தா" என்று அவளை வாரிக்கொள்ளப் போனார். அவள் பின்னால் நகர்ந்தாள். அழுகை அப்படியே நின்றுபோனது. படப்பிடிப்புக்கு எங்களோடு வந்திருந்த யோகலட்சுமி ஓடிவந்து அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிள்ளை அசைகிறது, வலி எதுவும் இல்லை என்று அவளே சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

டைரக்டர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். கேட்ட வாயிலேயே சந்தோஷமும் வழிந்தது. இப்படி ஒரு ஷாட் இனி அமையாது, ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் அதைப் படத்தில் வைக்க முடியாது என்றார். சம்மதம் இல்லையென்றால் நாளைக்குச் சென்னை நடிகரை வைத்து முதலிலிருந்து எடுப்பார்கள். மேனேஜர் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சாப்பா?"

கேட்கவில்லை என்று சொல்லுங்கள் ஐயா என்று எனக்கு அடித்துக்கொண்டது. மூக்கிலும் காதிலும் பஞ்சு, சுற்றிலும் ஒப்பாரி, பறைச் சத்தம். சொன்னால் யாரும் நம்புவார்கள்.

"கேட்டுச்சுத்தா" என்றார்.

"எங்க வரும்போது?"

"வாசல்லயே."

காளீஸ்வரி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். நிதானமாக, முழுப் பெயரும் எழுதினாள். பிறகு வாசலில் நின்ற செல்வத்திடம், "வாங்க, போவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். கோட்டைச்சாமி அவள் பின்னாலேயே நாலு எட்டு வைத்தார். அவள் திரும்பவில்லை. கார்க் கதவு சாத்தும் சத்தம் முற்றம் வரைக்கும் கேட்டது.

பிணமாக நடித்தவரை அப்படியே வீட்டுக்கு அனுப்புவதில்லை. திருஷ்டி கழித்து, உட்கார வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்பார்கள். ஆள் நன்றாக இருக்கிறார் என்பதற்கான சாங்கியம். உதவி இயக்குநர் அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்து, மாலையைக் கழற்றினார். "ஐயா, சிரிங்க" என்றார்.

கோட்டைச்சாமி கேமராவைப் பார்த்துச் சிரித்தார். ஒரே டேக்கில் ஓகே ஆனது.