அரைக்கட்டை, அரை மாத்திரை

அம்மா இறந்து ஒரு மாதமாகிறது. இதயம் நின்றுவிட்டது. வலிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வலிப்பை அவள் எப்போதோ அடக்கிவிட்டிருந்தாள். அந்தக் கதையை எழுத வேண்டும் என்று தோன்றியது.

அவள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். வாயைத் திறந்தால் சுருதி சுத்தமாக வரும். கீபோர்டு வாசிக்கும் கணக்கு சாரே அவளைக் கேட்டுத்தான் கட்டையில் விரல் வைப்பார்.

வலிப்புக்குத் தந்த முதல் மாத்திரையில் ஈறு வீங்கியது. இரண்டாவதில் கை நடுங்கியது, முடி கொட்டியது. மூன்றாவதில் வலிப்பு நின்றது, வேறு தொந்தரவு இல்லை. கொஞ்ச நாளில் ரேடியோவை முறைக்க ஆரம்பித்தாள்.

"என்னங்க, இந்தப் பாட்டை ஏன் சுருதியில அரைக்கட்டை இறக்கிப் போடுறான்?"

"அவனுக்கு உம்மேல என்ன கோவமோ," என்றார் அப்பா.

ஆண்டுவிழா ஒத்திகையில் குட்டு உடைந்தது. அம்மா எடுத்துக்கொடுத்த சுருதியில் பிள்ளைகள் மேல்வரிக்குப் போய்க் கீச்சிட்டார்கள்.

"டீச்சர், அரைக்கட்டை ஏத்திட்டீங்க," என்றார் கீபோர்டில் இருந்த கணக்கு சார்.

"உங்க பெட்டிதான் சார் இறங்கிக் கிடக்கு."

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. அபூர்வம், ஆனால் உண்டு என்றார். இந்த மாத்திரை சிலருக்கு எல்லாச் சுரத்தையும் சற்றுக் கீழே கேட்க வைக்கும். அதை ஈடுகட்டத்தான் அம்மா ஏற்றிப் பாடியிருக்கிறாள்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். எனக்கு வலிப்பு என்பது மைக் ஊளையிடுவது மாதிரி. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று உசுப்பிவிட்டு, அடங்காமல் சேர்ந்து துடிக்கின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் நரம்பணுவின் சுவரில் சோடியம் நுழையும் கதவுகள் திறந்து மூடுகின்றன. மாத்திரை, மூடிய கதவைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துவைக்கிறது. நிதானமான துடிப்பு தப்பிவிடும். தறிகெட்ட துடிப்பு மாட்டிக்கொள்ளும். காதுக்கு என்ன ஆகிறது என்பது மட்டும் டாக்டருக்கே முழுசாகத் தெரியவில்லை.

காது திரும்பட்டும் என்று அம்மா யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை உடைத்துப் பாதி விழுங்க ஆரம்பித்தாள். ஒருநாள் துண்டு அப்பா கண்ணில் பட்டது.

"இது என்ன?"

"அரை மாத்திரை. மெய்யெழுத்துக்கு அதானே அளவு?"

"இலக்கணம் போதும் தாயே. முழுசா முழுங்கு."

சிரித்து மழுப்பிவிட்டாள். அடுத்த ஒத்திகையில், பாட்டின் நடுவே, பிள்ளைகள் கண்ணெதிரே வலிப்பு வந்து விழுந்தாள்.

"குறைக்கணும்னா நான் சொல்லிக் குறைக்கணும்," என்று டாக்டர் கடிந்துகொண்டார். வேண்டுமானால் வேறு மாத்திரை தருவதாகவும், காது பழையபடி ஆகிவிடும் என்றும் சொன்னார்.



"வேண்டாம் டாக்டர். மறுபடி ஒவ்வொண்ணா முழுங்கிப் பாக்க என்னால ஆகாது. பசங்க பயந்துட்டாங்க. காது பொய் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்."

விழா மேடையில் கணக்கு சார் வழக்கம்போல அவள் வாயைப் பார்த்தார்.

"சுருதியை நீங்க குடுங்க சார்."

"நானா டீச்சர்?"

"பின்ன? கணக்குல தப்பு வராதுன்னு பீத்திக்குவீங்கல்ல."

அவர் கட்டையை அழுத்தினார். அம்மாவின் முகம் ஒரு கணம் சுளித்தது. பிறகு கையை உயர்த்தினாள். பிள்ளைகள் மேல்வரியைக் கீச்சிடாமல் எட்டிப்பிடித்தார்கள்.

கீழே இறங்கி வந்து அப்பாவிடம் சொன்னாள்: "எனக்கு முழுக்க அரைக்கட்டை கீழதான் கேட்டுச்சு."

"அப்ப?"

"நல்லாத்தாங்க பாடுனாங்க."