என்னை நோக்கி வந்த கார்

சிறுவயதில் கிடைக்காத ரிமோட் காரை, முப்பத்தாறு வயதில் எனக்காகவே வாங்கப் போனேன். தேனி கடைக்காரர், “மொதக் காருன்னா மெதுவா ஓடுறதா எடுங்கக்கா. நம்மள நோக்கி வர்றப்ப இடம் வலம் மாறிரும். கை பழகணும்” என்றார். பெண் என்பதால் சொல்கிறார் என்று எரிச்சல் வந்தது. இருப்பதிலேயே வேகமானதைக் கேட்டு வாங்கினேன்.

அன்று மாலை உத்தமபாளையத்தில் எங்கள் தெருவில் ஓட்டினேன். தெருமுனை வரை போன காரை என் பக்கம் திருப்பினேன். சீறிக்கொண்டு வந்தது. திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து, எதிர்வீட்டுப் பேச்சியம்மா என் இடப்பக்கமாக நடந்து வந்தார். அவர்மேல் பட்டுவிடக் கூடாதே என்று ரிமோட்டில் வலப்பக்கம் திருப்பினேன். கார் இடப்பக்கம் பாய்ந்து அவர் காலில் மோதியது. கையை ஊன்றி விழுந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினேன். வீங்கிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணுமில்லத்தா. புது வண்டியாச்சே, ஒடஞ்சு போச்சா?” என்றார்.

எலும்பு முறிந்திருந்தது. இப்போது தோட்டத்தில் அறுவடை நடக்கிறது. அவர் கட்டுப்போட்ட கையோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், “வண்டி சரியாயிருச்சாத்தா?” என்று கேட்கிறார்.

காரில் ஒரு கீறல்கூட விழவில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.