திரை இல்லாத பக்கம்

காதர் அண்ணன் அன்று தூங்கவில்லை. தவறு என்னுடையது. அதை மறைத்தவனும் நானே!

மலேசியாவில், ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் ஓர் ஐஸ் தொழிற்சாலை. அங்கே கணினியைக் கண்காணிப்பது காதர் அண்ணனின் வேலை. இயந்திர அறையில் அம்மோனியா வாயு கசிந்தால், திரையில் சிவப்பு எச்சரிக்கைச் சாளரம் ஒன்று எழும். அந்த மென்பொருளை எழுதியவன் நான்.

அவர் மேசையில் இரண்டு திரைகள் இருந்தன. ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"தம்பி, அந்தச் செவப்புப் பெட்டி வந்து மத்ததையெல்லாம் மறைக்குதுலா. நான் இடது பக்கத் திரையில தள்ளி வெச்சா அங்கேயே வர்ற மாதிரி செஞ்சு குடுங்களேன்."

செய்து கொடுத்தேன். கணினிக்கு முதன்மைத் திரையின் இடது ஓரம்தான் பூஜ்யம். அதற்கும் இடப்புறம் உள்ள இடமெல்லாம் கழித்தல் எண்கள். அவர் கடைசியாக வைத்த இடத்தின் எண்ணைச் சேமித்து, அடுத்த முறை அங்கேயே திறக்கச் சொன்னேன். திறப்பதற்கு முன் அங்கே திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்குத் தெரியாதா? தெரியும்! பிறகு எழுதலாம் என்று விட்டுவிட்டேன்... வெறும் சோம்பல். வேறென்ன சொல்ல?

சில மாதங்களில் மேலாளர் அந்த இடது திரையைத் தன் அறைக்கு எடுத்துப் போய்விட்டார். எச்சரிக்கை மணி ஒலிப்பதும் அந்தத் திரையில் இருந்த ஒலிபெருக்கியில்தான்; அதுவும் கூடவே போயிற்று.

ஒரு பிற்பகல் வாயு கசிந்தது. சாளரம் திறந்தது... சுவர் மட்டுமே இருந்த பக்கத்தில்! காதர் அண்ணன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த திரையில் ஒன்றும் வரவில்லை. இயந்திர அறைக் கதவைத் திறந்த சுரேன் என்ற தொழிலாளியின் முகத்தில் வாயு அறைந்தது. இரண்டு கண்களும் போயின.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள். "சாளரம் திறந்திருக்கிறது" என்றேன். கணினிப் பதிவும் அதையே காட்டியது. ஒரு சொல்கூடப் பொய்யில்லை, கவனித்தீர்களா? எங்கே திறந்தது என்று எவரும் கேட்கவில்லை... நானும் வாய் திறக்கவில்லை. அன்று மாலையே மென்பொருளில் விடுபட்ட அந்த வரியைச் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டேன்.

"பெட்டி வரலைங்க, சத்தியமா வரலை!" என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். தூங்கிவிட்டார் என்று சொல்லி வேலையை விட்டு நீக்கினார்கள்.

போன வாரம் ஜொகூர் பாருவில், அவருடைய மச்சானின் சாப்பாட்டுக் கடையில் அவரைப் பார்த்தேன். தே தாரிக் தேநீரை நுரைக்க நுரைக்க ஆற்றிக்கொண்டிருந்தார். நழுவிவிட நினைத்தேன். அதற்குள் அவரே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ரொம்ப யோசிச்சேன் தம்பி. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? நான்தான் கண்ணசந்துட்டேன் போல. மாசாமாசம் சுரேன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கிறேன். அவங்கம்மா மொகம் குடுத்தே பேச மாட்டேங்கிறாங்க. நீங்க கூட வாங்களேன்... எனக்குத் தனியா போகப் பயமா இருக்கு."

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? நாக்கு நுனிவரை வந்தது... ஐயோ, வந்தது!

"வர்றேன் அண்ணே" என்றேன்.

நாளை போகிறோம். காதர் அண்ணன் மன்னிப்புக் கேட்பார். நான் பக்கத்தில் நிற்பேன்.