நுரை அடங்கும் வரை

"இன்னும் அடங்கல," என்கிறார், குனிந்த தலையை நிமிர்த்தாமல். கோடு போட்ட கண்ணாடிக் குடுவைக்குள் பழுப்பு நிறக் குளிர்பானம். அதன் மேல் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் கடைக்காரர், இந்தப் பக்கம் அவரும் நானும். திரையரங்கின் முன்கூடத்தில் வேறு யாரும் இல்லை. உள்ளே மதியக் காட்சி ஓடுகிறது. கதவு வழியாகக் கதாநாயகன் யாரிடமோ எதையோ கெஞ்சுவது மட்டும் கசிந்து வருகிறது. குமிழ்கள் ஒவ்வொன்றாக உடைகின்றன. காதைக் கிட்டே வைத்தால் அந்தச் சத்தம்கூடக் கேட்கும். நான் வைத்துப் பார்த்தேன்.

கடைக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் நுரை மேடம். ஐம்பத்திரண்டு வயது, பருத்திப் புடவை, தோளில் இஸ்திரிப் பெட்டி கனத்துக்கு ஒரு பை. பையில் மூன்று குடுவைகள், ஐஸ் கட்டிகளை வடிக்க ஒரு வடிகட்டி, வெள்ளைத் துணி, நோட்டீஸ் புத்தகம். இரண்டு வருடங்களாக அமலில் இருக்கும் சட்டம் இதுதான்: சர்க்கரை போட்ட எந்தப் பானத்தையும் நானூறு மில்லிக்கு மேல் ஒரே கோப்பையில் ஊற்றி விற்கக் கூடாது. ஐஸ் கணக்கில் சேராது. நுரையும் சேராது. ஆகவே யாராவது நுரை அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள் இவர்.

நுரை அடங்கியதும் குடுவையின் கோட்டுக்கு நேராகக் கண் வரும்வரை முழங்காலை மடக்கி இறங்குவார். மேலிருந்து பார்த்தால் அளவு ஏமாற்றிவிடுமாம். மூட்டு வலி வேறு. "அம்மா" என்று முனகிக்கொண்டுதான் இறங்குவார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, ஒரு பெண்மணி ஆரஞ்சு ஜூஸ் முன்னால் பயபக்தியோடு மண்டியிடுவதுபோல இருக்கும். நான் முதன்முதலில் அவரைக் கவனித்ததும் அப்படித்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சட்டம் எனக்கு அறவே பிடிக்காது. என் வயிறு என் சொந்த வயிறு; அதற்குள் என்ன போகலாம் என்று ஒரு அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நாலு பேர் தீர்மானிப்பதை நினைத்தாலே எனக்குத் தாகம் எடுக்கும். அவரோடு ஒரு வாரம் சுற்றுகிறேன் என்று அனுமதி கேட்டபோது, கிண்டல் பண்ணி எழுதுவதாகத்தான் உத்தேசம். அந்த உத்தேசம் மூன்றாம் நாளே எங்கோ நழுவிவிட்டது. நுரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மனசு ஒரு மாதிரி லேசாகி மிதக்க ஆரம்பித்துவிடுகிறது. காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

நுரை அடங்க இரண்டு நிமிடம், சில சமயம் மூன்று. அந்த நேரத்தில் எல்லோரும் அவரிடம் பேசுகிறார்கள். சண்டை போட வந்தவர்கள்கூட. ஓடிப் போகவும் முடியாது, ஒன்றும் செய்யவும் முடியாது, பேசத்தானே வேண்டும்? ஒரு பேக்கரிக்காரர் தன் மகளின் கல்யாணப் பேச்சு தட்டிப்போனதைச் சொன்னார். பெட்ரோல் பங்க் கடைப் பெண், தனக்கு வரும் கனவில் கடல் எப்போதும் இனிப்பாக இருப்பதாகச் சொன்னாள். நுரை மேடம் எல்லாவற்றுக்கும் "ம்" என்பார். கண் குடுவையில் இருக்கும். காது முழுக்க எதிரே இருப்பவரிடம். கல்யாணப் பேச்சுக் கதை முடிவதற்குள் நுரை அடங்கிவிட்டது. அவர் அளக்க இறங்கவில்லை. கதை முடியட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் அடங்கிய நுரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தந்திரக்காரர்களுக்கும் குறைவில்லை. ஒரு கடையில் ஒரு லிட்டர் கோப்பை மேல் 'சூப் மட்டும்' என்று ஒட்டியிருந்தார்கள். உள்ளே திராட்சை ஜூஸ். இன்னொருவர் கையும் களவுமாகப் பிடிபட்டதும், "மேடம், இது குடிக்கிறதுக்கு இல்ல, பார்வைக்கு வெச்சிருக்கோம்," என்றார். நுரை மேடம் நோட்டீஸை எழுதி முடித்து, "நல்லா பாத்துக்கோங்க. நாளைக்கு வந்து நானும் பாக்கறேன்," என்று அதைக் கையில் கொடுத்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

அந்தத் திரையரங்கில் இடைவேளை மணி அடித்துக் கூட்டம் வெளியே வந்தபோது, கோப்பையைக் கையில் எடுத்துப் பார்த்த ஒரு மனிதர் கொதித்துப்போனார். "மூணு மணி நேரப் படம்ங்க. எனக்கு எவ்வளவு தாகம்னு அரசாங்கத்துக்குத் தெரியுமா? நான் என்ன பால்வாடிக் குழந்தையா?"

"ரெண்டு வாங்கிக்கோங்க சார். சட்டம் தடுக்கல," என்றார் நுரை மேடம்.

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"ரெண்டாவது வேணும்னா எழுந்து வரணும்ல? அந்த எழுந்திருக்கற நேரத்துல ஒரு தடவ மனசு கேக்கும், வேணுமா, வேண்டாமான்னு. அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் சார் இவ்வளவும். அதுக்கு மேல உங்க இஷ்டம்."

அவர் முறைத்துக்கொண்டே ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். வீம்புக்கு இரண்டு வாங்குவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்ன, ஆசையே பட்டேன்.

அளந்து முடித்த பானத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது, தொட்டியில் கொட்ட வேண்டும். இனிப்பென்றால் உயிரை விடுகிறவர் அவர். தேநீருக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை. கொட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருடைய தம்பி கேலி செய்வாராம்: "ஊர்ல இருக்கற ஜூஸையெல்லாம் சாக்கடைல ஊத்துற. ஒரு நாள் சாக்கடைக்கு சுகர் வந்து மயங்கி விழப்போகுது, பாரு." இதைச் சொல்லிவிட்டு நுரை மேடம் நடுத்தெருவில் நின்று சிரித்தார். சிரிப்பு முடியும்போது முகம் வேறு எங்கோ போய்விட்டது.

தம்பி பஸ் ஓட்டுநர். எட்டு வயது இளையவர். அக்காவுக்குக் கணவர் இல்லை, தம்பிக்கு மனைவி இல்லை. காரணங்கள் வேறு வேறு, வீடு ஒன்று. மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, மேற்கே பார்த்த ஒரு ஜன்னல். தம்பிக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். பத்து வருடமாகக் குளிர்பானத்தையும் விடவில்லை.

சென்ற வருடம் இருவரும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு பெரிய பாட்டில். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கிளாஸ். மற்ற நாட்களில் தொடக் கூடாது. பானம் நிற்கிற மட்டத்துக்கு நேராக அக்கா ஒரு வெள்ளைப் பட்டையை ஒட்டிவைத்தார். ஞாயிறு குடித்ததும் பட்டையைக் கீழே இறக்குவார். தினமும் காலை ஆறு மணிக்கு முழங்காலை மடக்கி, கண்ணை நேராக வைத்துப் பார்ப்பார். ஒரு நாள்கூட மட்டம் பட்டையை விட்டு இறங்கவில்லை. இருபத்து மூன்று நாட்கள். அலுவலகத்தில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லி மாய்ந்திருக்கிறார்: "என் தம்பி விட்டுட்டான். தெரியுமா? விட்டே விட்டான்."

இருபத்து நான்காம் நாள் டெப்போவிலிருந்து போன் வந்தது. கடைசி நிறுத்தத்தில் பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகு, ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து கிடந்திருக்கிறார். மருத்துவமனைக் கட்டிலில் கண் விழித்ததும் தம்பி சொன்ன முதல் வார்த்தை, "தினம் குடிச்சேன்க்கா. குடிச்ச அளவுக்கு வெளில வாங்கி, கோடு வரைக்கும் ஊத்தி வெச்சேன்."

"கோடு சரியா இருந்துச்சு," என்று என்னிடம் சொன்னார் நுரை மேடம். நாங்கள் ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே நீரூற்று ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தது. "இருபது வருஷமா பாலு, பெட்ரோலு, இப்ப ஜூஸுன்னு அளந்து அளந்து, கோடு சரியா இருந்தா எல்லாம் சரின்னு நெனச்சுட்டேன். அவன் முகத்த ஒரு நாள் ஒழுங்கா பாத்திருந்தா போதும். நான் பாட்டிலத்தான பாத்தேன்?" அழவில்லை. நீரூற்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பட்டையை உரித்து எறிந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் சட்டம் எதுவும் கிடையாது. பாட்டில் சாப்பாட்டு மேஜை மேலேயே இருக்கிறது. "ஒளிச்சுக் குடிச்சதாலதான அவ்வளவு குடிச்சான்? என் கண்ணு முன்னாடியே குடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"இப்போ குறைத்திருக்கிறாரா?"

"தெரியாது. நான் அளக்கறதில்ல."

தம்பியை வண்டியிலிருந்து இறக்கி டெப்போ அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். பஸ் புறப்படும் நேரத்தை மைக்கில் சொல்கிற வேலை. கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் நைந்துவிட்டன, இப்போதே இனிப்பை விட்டால் இருக்கிற பார்வையாவது தங்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை டெப்போவில் கண் பரிசோதனை. தேறினால் மறுபடி ஸ்டியரிங்; தேறாவிட்டால் காலமெல்லாம் மைக். "பஸ் ஓட்டாம அவன் இருந்துடுவானா? பார்வை தங்குமா, தங்காதான்னுகூட இப்பல்லாம் நெனக்கறதில்ல. அந்த சீட்டு இல்லன்னா அவன் என்ன ஆவான்னுதான் கவல," என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். மேற்கு ஜன்னல் வழியே வெயில் அறை முழுக்கச் சாய்ந்து கிடந்தது. கழுவிக் கவிழ்த்த குடுவைகளில் அது புகுந்து, சுவரில் மஞ்சள் வட்டங்களாக ஆடியது. மூவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் எழுந்து விளக்குப் போட மனமில்லை. தம்பி கலகலப்பான மனிதர், அகலமான கைகள். என்னைப் பார்த்ததும், "எங்கக்காவப் பத்தி எழுதறீங்களாமே? நோட்டீஸ் குடுக்காத ஒரே ஆளு நான்தான்னு எழுதுங்க," என்றார்.

சட்டம் பிடிக்காத விஷயத்தில் அவரும் நானும் ஒரே கட்சி என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இரவு வழித்தடத்தில், ஊர் தூங்கும்போது, சிக்னலில் நிறுத்தி முதல் மடக்குக் குடிப்பாராம். "உள்ள இறங்கும்போது ஜில்லுனு ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, மூடின கடை, காலி ரோடு, எல்லாமே எனக்குச் சொந்தமான மாதிரி இருக்கும். அத எந்த டாக்டர் மாத்திரைல குடுப்பாரு?" நான் தலையாட்டினேன். எனக்கும் அது தெரியும்.

"உன் ஆபீஸ்ல ஒண்ணு கேளுக்கா," என்று அக்கா பக்கம் திரும்பினார். "என் ஸ்டியரிங்கப் புடுங்கினாங்க. சரி, ஒத்துக்கறேன். பஸ்ஸுல அம்பது பேர் இருக்காங்க. கிளாஸுல யார் இருக்கா? நான் ஒருத்தன்தான? அதுல எதுக்குக் கை வெக்கறீங்க?"

அக்கா வெங்காயத் தோலை உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "கிளாஸுலயும் நீ மட்டும் இல்லடா. நானும்தான் இருக்கேன்," என்றார்.

வாசலில் ஒரு பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. வண்டியின் வயதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று தம்பி என்னிடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. சுவரில் வட்டங்கள் மேலே மேலே ஏறின. நாளைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று நான் கேட்டேன். பத்து மணி என்றார். "கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கடைசி வரி எழுத்துகூடப் படிப்பேன். எங்கக்கா சும்மா பயப்படறா," என்றார். சொல்லிக்கொண்டே பாட்டிலின் மூடியைத் திருகினார். கிளாஸை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துப் பேசியபடியே ஊற்றினார்.

பானம் கிளாஸுக்கு ஒரு அங்குலம் இடதுபக்கமாக மேஜைமேல் விழுந்தது. பேச்சை நிறுத்திவிட்டுக் கிளாஸை நேராகவே பார்த்தார். அப்போதும் அவர் கை நகரவில்லை. சரியாகத்தான் ஊற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மேஜை விளிம்பிலிருந்து சொட்டு சொட்டாக என் கால் மேல் விழுந்தது. நான் வாயைத் திறந்தேன்.

அக்கா என்னைப் பார்க்காமலே லேசாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று. உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். கையை நீட்டி, இரண்டு விரலால் கிளாஸைச் சத்தமில்லாமல் நகர்த்தி, விழும் தாரைக்கு நேராகக் கொண்டுவந்து, அது நிரம்பும் வரை பிடித்துக்கொண்டார்.