மனோரஞ்சிதத்தை நம்பி ஒரு சோதனை

மனோரஞ்சிதப் பூவை முகரும்போது எந்தப் பழத்தை நினைக்கிறோமோ அந்தப் பழத்தின் வாசனை வரும் என்பார்கள். நம்பினாயா என்று கேட்டால், பாதி நம்பினேன். மீதிப் பாதியைச் சோதிக்கத்தான் அந்தக் கொடியை வளர்த்தேன்.

கல்யாணமாகி மூன்று மாதமாகியும் என் வீட்டுக்காரர் மனதில் என்ன இருக்கிறதென்று எனக்குப் பிடிபடவில்லை. ஆபீஸ் விட்டு வருவார், சாப்பிடுவார், பேப்பர் படிப்பார். என்னைப் பிடித்துத்தான் கட்டிக்கொண்டாரா, வீட்டில் சொன்னார்களே என்று கட்டிக்கொண்டாரா? வாயைத் திறந்தால்தானே! பூவைக் கையில் கொடுத்து, என்ன வாசனை என்று கேட்டால் எதையாவது சொல்லித்தானே ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

எழுபதுகளின் கடைசியில் மதுரை கே.கே. நகரில் வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகம். நாகமலை புதுக்கோட்டைத் தோட்டக்காரர் ஒருவரிடம் பதியன் போட்ட கன்று வாங்கி, மாடிப்படி ஓரமாக வைத்தேன். விதை போட்டால் முளைக்கவே மாதக்கணக்கில் காக்கவேண்டும் என்றார் அவர். செம்மண், ஆட்டுப்புழுக்கை, அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் கொடுத்தும் முதல் வருஷம் குத்துச்செடியாகவே நின்றது. அடுத்த வருஷம்தான் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தது. பாகற்கொடிக்கு இருப்பதுபோல் இதற்குப் பற்றிக்கொள்ளச் சுருள் கிடையாது. பூ வரவேண்டிய காம்பே கொக்கியாக வளைந்து கம்பியில் மாட்டிக்கொள்கிறது! பல் தேய்க்கும்போதுகூட அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் அது ஆகவில்லை. "யக்கா, இந்த வாசத்துக்குப் பாம்பு வரும்க்கா. பேசாம வெட்டிப்புடுங்க."

"மொதல்ல பூக்கட்டும். பெறகு பாம்பைப் பாப்போம்" என்றேன்.

இதற்கிடையில் அவர் தினமும் சிம்மக்கல்லில் பஸ் மாறும்போது எனக்கு மல்லிகை வாங்கிவருவார். பாதி நாள் அது முதல் நாள் பூவாக இருக்கும். "நேத்துப் பூவைத் தண்ணி தெளிச்சு ஒங்க தலையில கட்டிட்டான். மோந்து பாத்து வாங்கமாட்டீங்களா?" என்று கத்துவேன். "நாளைக்குப் பாத்து வாங்குறேன்" என்பார். நாளைக்கும் அதே கதைதான். மதுரையில் பிறந்த மனுஷன் மல்லிகையை முகராமல் வாங்குவாராம்! அக்கறை இருந்தால் இப்படி வாங்குவாரா என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருஷம் கொடி பூத்தது. பூவும் இலையும் ஒரே பச்சை என்பதால் எனக்குத் தெரியவே இல்லை. ஒரு சாயங்காலம் படியில் ஏறும்போது வாசனை ஆளைத் தூக்கியது. இலைகளை விலக்கிப் பார்த்தால் மஞ்சளாகப் பழுத்த பூ ஒன்று. பலாப்பழத்தை நினைத்து முகர்ந்தேன், பலாப்பழமேதான். வாழைப்பழத்தை நினைத்தேன், அட, அதுவும் வந்தது! பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். "மாம்பழம்க்கா!" என்றாள். பட்டுச்சேலைப் பெட்டிக்குள் போட இன்னும் இரண்டு வேண்டும் என்று கேட்டு, பாம்பை மறந்து தானே தேடிப் பறித்துக்கொண்டு போனாள்.

அவர் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை. பூவைக் கையில் திணித்தேன். "மனசுல இருக்கிறதைச் சொல்லணும். என்ன வாசனை வருது?"

ரொம்ப நேரம் மூக்கருகே வைத்திருந்தார். "நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா? என்ன வாசனைன்னு கேட்டேன்."

மறுபடியும் பூவை மூக்கருகே கொண்டுபோனார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "இதைக்கூடச் சொல்லமுடியாதா? என்னையப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிப்புடுங்க!"

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு வாசனையே தெரியாது. வெவரம் தெரியாத வயசுல வந்த காச்சல்ல போயிருச்சுன்னு அம்மா சொல்லும். ஒங்கிட்ட முன்னாடியே சொல்லிருக்கணும். சொன்னா என்னைய வேணாம்னுருவியோன்னு பயம்."

கொடியைக் கைகாட்டினார்.

"இது பூக்கக்கூடாதுன்னு தெனம் வேண்டிக்கிட்டுத்தான் இருந்தேன். பூத்தா ஏதாச்சும் பழத்துப் பேரைச் சொல்லிரலாம்னும் நெனச்சேன். நீ அம்புட்டு ஆசையா கேக்குறப்ப பொய் சொல்ல மனசு வரல."

மூன்று வருஷமாகத் திட்டிய திட்டெல்லாம் என்னையே திருப்பி அறைந்தது. அவர் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் ஒண்ணு கேக்கவா?" என்றார். "ஒம்மேல என்ன வாசனை அடிக்கும்?"

என்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. நம் வாசனை நமக்கு எங்கே தெரிகிறது? அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.