பெண் கேட்கப் போன லேலண்ட்

ஷேலா என்ற ஊருக்கு ஸ்பானிஷ் படிக்க வரும் வெளிநாட்டுக்காரர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போடுவதுதான் எர்லிண்டாவின் பிழைப்பு. பள்ளியில் இலக்கணம்தான் வரும், பேச்சு வருவது தன் சாப்பாட்டு மேசையில்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொள்வாள். அதில் பாதி நிஜம், பாதி பெருமை.

இந்த முறை வந்தவர் லேலண்ட். கனடாவில் தச்சு வேலை பார்த்து ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர். அவருடைய மகன் இந்த ஊர்ப் பெண் நோஹெமியைக் காதலிக்கிறான். இங்கே பையனின் அப்பா பெண் வீட்டுக்குப் போய்த் தன் வாயாலேயே பெண் கேட்க வேண்டும். மகனே மொழிபெயர்த்துச் சொன்னால் ஆகாதா என்று லேலண்ட் கேட்டார்.

"அப்ப பொண்ணையும் அவனே கேட்டுக்கட்டும். நீங்க எதுக்கு?" என்றாள் எர்லிண்டா.

அறுபது வயதில் மனிதர் படிக்க உட்கார்ந்தார். மளமளவென்று தேறினார். எர்லிண்டா சொல்வது அத்தனையும் புரிந்தது. சந்தைக்குப் போன அன்றுதான் சாயம் வெளுத்தது. தக்காளிக்காரி பேசியதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் பிடிபடவில்லை.

"இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான் ஸ்பானிஷ் பேசறீங்க, அம்மா," என்றார் பாவமாக.

எர்லிண்டாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக விருந்தாளிகளுக்கு முள் எடுத்த மீனைப் போலத்தான் பேச்சை ஊட்டியிருக்கிறாள். அன்றே நாத்தனார் மிர்தாலாவை வரவழைத்தாள். மிர்தாலா வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டு நாய்கூட அடங்கிவிடும்.

"இந்த மனுஷன்கிட்ட என்ன அண்ணி பேசறது?"

"உன் மாமியாரோட போட்ட சண்டையைச் சொல்லு. மூச்சு விடாம சொல்லு."

லேலண்ட் திருதிருவென்று விழித்தார். பல நாள் இதே கதைதான். பிறகு ஒரு நாள் நடுவில் கையை நீட்டி மறித்தார். "இருங்க. சூப்பைக் கொட்டினது நீங்களா, அவங்களா?"

ஞாயிற்றுக்கிழமை, கூடை நிறைய ரொட்டியும் சாக்லேட்டுமாகப் பெண் வீட்டுக்குப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்மணியாக எர்லிண்டாவும் கூடப் போனாள். லேலண்ட் முறைப்படி பெண் கேட்டார். நோஹெமியின் அப்பா ஒப்துலியோ, பேருந்து ஓட்டுபவர், படபடவென்று பிடித்துக்கொண்டார்.

"கேக்க வந்துட்டீங்க, சரி. அங்க பனியில, தெரிஞ்ச முகம் ஒண்ணு இல்லாம, ஒரு நாள் அவ உக்காந்து அழுதா, எதுக்கு அழறான்னு அந்த வீட்டுல யாருக்குங்க புரியும்?"

எர்லிண்டா பழக்கதோஷத்தில் விளக்க வாயெடுத்தாள். லேலண்ட் அவளைத் தடுத்தார்.

"அழுதாங்கறது வரைக்கும் புரிஞ்சுது. இன்னொரு தடவை சொல்லுங்க."

ஒப்துலியோ குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி ஆரம்பித்தார். லேலண்ட் தலையாட்டி மறுத்தார்.

"மெதுவா வேணாம். உங்க மாதிரியே பேசுங்க, புரியறவரைக்கும் நான் கேட்டுக்கறேன். என் வீட்டுல உங்க பொண்ணு எனக்காக மெதுவாப் பேச வேண்டாம்."

ஒப்துலியோ நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அதே கேள்வியை அதே வேகத்தில் ஆரம்பித்தார். பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மிச்சக் கேள்வியை லேலண்டே சொல்லி முடித்தார்.