சானமாவு டப்பாவும் கவென்ட்ரி பேட்டண்டும்

யுத்தத்தில் இடிந்த தெருக்களை இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கவென்ட்ரியில், கார்களுக்குக் கம்பளி போர்த்துகிறார்கள். பனிக்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தினமும் மாலையில் தன் காரின் மூக்கில் கம்பளியைப் போட்டு, நாலு பக்கமும் செருகி, தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போகிறார். அவர் மனைவிக்கு இத்தனை உபசாரம் நடந்து நான் பார்த்ததில்லை. நம் பக்கத்து வண்டிகள் கொதித்துச் சாகும். இங்கிலாந்து வண்டிகள் உறைந்து சாகும்.

ஓசூரில் நான் பஸ் கண்டக்டராக இருந்தபோது எங்கள் டிரைவர் முனியப்பா. இன்ஜினைத் தெலுங்கில் கெஞ்சுவார், கன்னடத்தில் திட்டுவார், டிக்கெட் வாங்காதவர்களைத் தமிழில் கவனிப்பார். ஒருநாள் சானமாவு காட்டில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. பள்ளத்தில் தண்ணீர் இருந்தது. தண்ணீரில் மூன்று யானைகள் இருந்தன.

"நீ போயி ஒரு கொடம் மொண்டுக்கினு வாப்பா."

"ஆனை இருக்குதுண்ணா."

"அதுங்க உங்கிட்ட டிக்கெட்டா கேக்கப்போவுது? போப்பா."

இருவருமே போகவில்லை. யானைகள் குளித்து முடிக்கும்வரை பயணிகள் எங்கள் பரம்பரையை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மறுவாரமே முனியப்பா ஒரு நெய் டப்பாவை ரேடியேட்டர் பக்கத்தில் கட்டி, ரப்பர் குழாயால் இணைத்து, மூடியைச் சைக்கிள் டியூப் வைத்துக் காற்றுப் புகாமல் இறுக்கினார். கொதித்து வழியும் தண்ணீர் டப்பாவுக்குப் போகும். ஆறியதும் ரேடியேட்டரே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதன்பிறகு சானமாவில் நாங்கள் நின்றதே இல்லை.

இங்கே நான் வேலை பார்ப்பது ஹாரிஸ் என்பவரின் சின்னப் பட்டறையில். கார்களுக்கு ஏறக்குறைய அதே டப்பாவைத்தான் செய்கிறோம். போன மாதம் ஒரு பெரிய கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. அந்த உத்திக்குத் தங்களிடம் பேட்டண்டு, அதாவது சர்க்கார் எழுதிக்கொடுத்த தனியுரிமை, இருக்கிறது. டப்பாவுக்கு இவ்வளவு என்று லைசென்ஸ் கட்டணம் கட்டு, இல்லையேல் கோர்ட்டுக்கு வா. ஹாரிஸ் அதை மூன்று முறை படித்துவிட்டு, "பட்டறையை மூடவேண்டியதுதான்," என்றார். எங்கள் ஊர் டிரைவர் இதை எப்போதோ செய்துவிட்டார் என்றேன். அவ்வளவுதான், என் கையைப் பிடித்து வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"எந்த ஊரில் பார்த்தீர்கள்?" என்றார் வக்கீல்.

"ஓசூர்."

அவர் காதில் அது 'ஹூஸ், சார்?' (யாருடையது, ஐயா?) என்று இங்கிலீஷில் விழுந்திருக்கிறது. "உங்களுடைய ஊர்தான் ஐயா," என்றார் பொறுமையாக.

எழுத்துக்கூட்டிச் சொன்னேன். யானைகள் உட்பட எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பேனாவை மூடினார். இந்த நாட்டுக்குள் முன்பே தெரிந்திருந்தால்தான் இந்த நாட்டுப் பேட்டண்டை உடைக்க முடியுமாம். ஓசூரில் நடந்தது செல்லாது.

"நான் என் கண்ணால் பார்த்தேன்!"

"நம்புகிறேன். ஆனால் தப்பான இடத்தில் பார்த்துவிட்டீர்கள்."

ஹாரிஸ் லைசென்ஸில் கையெழுத்துப் போட்டார். பட்டறை பிழைத்தது, இரண்டு பேருக்கு வேலை போயிற்று. அதில் ஒருவரான டாம், என் பக்கத்தில் நின்று வேலை செய்தவர், "உன் டிரைவர் இங்கே வந்து கொதித்திருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆத்திரத்தோடு முனியப்பாவுக்கு எழுதினேன். யாரையோ பிடித்து எழுதவைத்த பதில் நேற்று வந்தது. "எவனோ எழுதி வாங்கிக்கினா வாங்கிக்கட்டும், உடு. நமக்குப் புது வண்டி குடுத்துட்டாங்க, கொதிக்கிறதே இல்ல. அந்த டப்பாவுல இப்ப வூட்ல தொவரை போட்டு வச்சிருக்காங்க. நீ எப்ப வர்றே? புதுக் கண்டக்டருக்குத் தெலுங்கு வரல, சனம் ஏமாத்துது."

ஓசூரில் என் சாட்சி செல்லும். அங்கே அது யாருக்கும் வேண்டாம். இங்கே வேண்டும்; செல்லாது. காலையிலிருந்து டப்பாக்களில் அந்தக் கம்பெனியின் பேட்டண்டு நம்பரை அச்சாக அடித்துக்கொண்டிருக்கிறேன். சுத்தியலை ஓங்கும்போதெல்லாம் சட்டைப் பையில் முனியப்பாவின் கடிதம் சரசரக்கிறது.